வழி தவறுவதற்கென்றே ஒரு தோட்டம்

இலண்டன் போய் வந்தவர்களிடம் நம்மவர்கள் வழக்கமாகக் கேட்பது இரண்டு கேள்விகள். அரச மாளிகை பார்த்தீர்களா? குளிர் எப்படி? 2024ஆம் ஆண்டு ஆனி மாதம் நான் அங்கே மூன்று கிழமை நின்றேன். மாளிகையை வெளியே நின்று பார்த்தேன். குளிர் அவ்வளவாக இருக்கவில்லை. ஆனால் நான் தேடிப் போனது வேறொன்றை. மரவேலிகளை ஆளுயரத்துக்கு மேல் வளர்த்து, அவற்றுக்கிடையே ஒழுங்கைகள் விட்டு, உள்ளே போகிறவர்கள் வழி தெரியாமல் திண்டாட வேண்டும் என்பதற்காகவே உண்டாக்கிய தோட்டங்கள் அங்கே இருக்கின்றன. ஆங்கிலத்தில் மேஸ் என்பார்கள். நான் அவற்றைப் புதிர்த்தோட்டம் என்று சொல்கிறேன்.

இந்த ஆசை எனக்கு வந்தது செட்டிகுளம் முகாமில். 2009ஆம் ஆண்டு அங்கே பிள்ளைகளோடு வேலை செய்தபோது, நேரம் போக்குவதற்காகப் படத்தாள்கள் கொடுப்போம். 'முயலுக்குக் கரட் இருக்கும் இடத்துக்கு வழி காட்டுங்கள்' என்ற படம் உங்களுக்கும் தெரிந்திருக்கும். ஒரு சிறுமி பென்சிலை எடுத்து, முயலில் இருந்து கரட் வரைக்கும் எல்லாக் கோடுகளையும் வெட்டி நேரே ஒரு கோடு கீறினாள். "இப்பிடிப் போகக் கூடாதம்மா, வழியாலதான் போகவேணும்" என்றேன். "முயலுக்குப் பசிக்குமெல்லே ரீச்சர்" என்றாள். அந்தத் தாளை நான் இன்னும் வைத்திருக்கிறேன். இப்படியான வழிகளைத் தாளில் அல்ல, நிலத்தில் வைத்திருக்கிறார்கள் என்று பின்னர் அறிந்தபோது, ஒருநாள் அதற்குள் போய்ப் பார்க்க வேண்டும் என்று நினைத்துக்கொண்டேன்.

ஐந்து பரப்புக் காணிக்குள் அரை மைல் வழி

நான் தங்கியது டூட்டிங் பகுதியில், பெரியம்மாவின் மகள் வீட்டில். அக்கா 1999இல் அங்கே போனவர். இருபத்தைந்து வருடமாகத் தனியே பஸ் ஏறி வேலைக்குப் போகிறார், வருகிறார். ஆனால் பழகிய வழியை விட்டு ஒரு தெரு விலக மாட்டார். நான் விஷயத்தைச் சொன்னதும் சிரித்தார்.

"காசு குடுத்து வழி தவறுறதே? அதை நாங்கள் சும்மாவே செய்தனாங்கள்."

என்றாலும் கூட வந்தார். விம்பிள்டனில் புகையிரதம் ஏறி, அந்தப் பாதையின் கடைசித் தரிப்பிடத்தில் இறங்கினோம். தேம்ஸ் ஆற்றுப் பாலத்தைக் கடந்தால் ஹம்ப்டன் கோர்ட் அரண்மனை. எட்டாம் ஹென்றி மன்னன் வாழ்ந்த இடம். அரண்மனைக்கு எடுக்கும் நுழைவுச்சீட்டிலேயே புதிர்த்தோட்டமும் அடங்குகிறது.

பிரித்தானியாவில் இன்றுவரை நிலைத்திருக்கும் மரவேலிப் புதிர்த்தோட்டங்களில் மிகப் பழையது இதுதான் என்கிறார்கள். மூன்றாம் வில்லியம் மன்னனின் காலத்தில், 1700ஆம் ஆண்டளவில் நாட்டப்பட்டது. அரச தோட்டக்காரர்களாக இருந்த ஜோர்ஜ் லண்டன், ஹென்றி வைஸ் என்ற இருவரின் வேலை என்று சொல்லப்படுகிறது. முந்நூறு வருடத்துக்கு மேலாக இங்கே ஆட்கள் வழி தவறிக்கொண்டிருக்கிறார்கள்.

இதன் பரப்பளவு ஏக்கரில் மூன்றில் ஒரு பங்கு. எங்கள் கணக்கில் ஐந்து பரப்புக்குச் சற்றுக் கூட. ஒரு வீடும் கிணறும் நாலு தென்னையும் வைக்கிற காணி. அதற்குள் மடக்கி மடக்கி அரை மைல் நீளமான வழியை அடக்கியிருக்கிறார்கள். நடுவிடத்தை அடைவதற்குச் சராசரியாக இருபது நிமிடம் எடுக்குமாம். நடுவிடம் உண்மையில் சில யார் தூரத்தில்தான் இருக்கிறது. அங்கே போய்விட்டவர்களின் சிரிப்புச் சத்தம் வேலிக்கு அந்தப் பக்கம் கேட்கும். போக மட்டும் முடியாது.

ஆங்கில எழுத்தாளர் ஜெரோம் கே. ஜெரோம் 1889இல் எழுதிய ஒரு நகைச்சுவை நாவல் இந்த இடத்தை உலகறியச் செய்தது. அதிலே ஒருவர், இது மிகச் சுலபம் என்று சொல்லி, வழி தெரியாமல் நின்றவர்களை எல்லாம் தன் பின்னால் கூட்டிக்கொண்டு சுற்றோ சுற்றென்று சுற்றுவார். கூட்டிப்போக வந்த இளம் காவலாளியும் தொலைந்துபோவான். கடைசியில் வயதான காவலாளி சாப்பிட்டு முடித்து வந்துதான் எல்லோரையும் வெளியே விடுவார்.

வேலிக்கு நாங்கள் புதியவர்களா?

உள்ளே காலடி வைத்ததும் எனக்கு வந்த எண்ணம் இதுதான். யாழ்ப்பாணத்தில் பிறந்தவளுக்கு வேலி என்ன புதினம்? கிளுவங் கதியாலும் பூவரசும் முள்முருக்கும் நட்டு, வருடா வருடம் பனையோலையால் அடைத்த வேலிகளுக்கு நடுவேதான் நாங்கள் வளர்ந்தோம். இரண்டு பக்கமும் வேலி உயர்ந்த ஒழுங்கைகளில் புதிதாக வருகிறவர் திசை தடுமாறுவார். ஆனால் எங்கள் வேலிகளில் ஒரு பொட்டு இருக்கும். அயல் வீட்டுக்கு ஒரு சுண்டு அரிசி மாறப் போவதற்கும், சண்டையும் சமாதானமும் பேசுவதற்கும் பெண்கள் வைத்திருந்த வழி அது. வேலி ஆண்கள் அடைத்தது. பொட்டு பெண்கள் போட்டது என்று எங்கள் அம்மாச்சி சொல்வார்.

ஹம்ப்டன் கோர்ட் வேலியில் பொட்டு இல்லை. முதலில் ஹோர்ன்பீம் என்ற மரத்தால் அமைந்த வேலி; 1960களில் யூ என்ற மரத்துக்கு மாற்றினார்கள். யூ எப்போதும் பச்சையாக இருக்கும். மெதுவாக வளரும். எத்தனை தரம் வெட்டினாலும் நெருக்கமாகத் தழைக்கும். கைவிரலை நுழைக்கவும் இடைவெளி இருக்காது.

இந்த மரத்தைப் பற்றி இன்னொன்றும் சொல்ல வேண்டும். இலையும் விதையும் கொடிய நஞ்சு. ஆடு மாடு தின்றால் செத்துப்போகும். ஆனால் இதே ஐரோப்பிய யூ மரத்தின் ஊசியிலைகளில் இருந்து எடுக்கும் ஒரு பொருளைக் கொண்டுதான் டொசிடாக்சல் என்ற மருந்தைத் தயாரிக்கும் முறை கண்டறியப்பட்டது. மார்பகப் புற்றுநோய்க்குக் கொடுக்கும் முக்கியமான மருந்துகளில் அது ஒன்று. இங்கிலாந்தில் தோட்ட வேலிகளை வெட்டும்போது விழும் யூ இலைகளை இதற்காகச் சேகரித்து அனுப்பியிருக்கிறார்கள். தொழிற்சாலையில் பிரித்தெடுத்து, வைத்தியர் அளந்து கொடுத்தால்தான் மருந்து; கையால் பறித்தால் நஞ்சு.

கையை எடுக்காதே

மூன்றாவது சந்தியில் அக்கா நின்றுவிட்டார். முன்னுக்கும் வேலி, பின்னுக்கும் வேலி. முகம் வெளிறி, கைப்பையை நெஞ்சோடு பிடித்துக்கொண்டார். பக்கத்தால் வெள்ளைக்காரப் பிள்ளைகள் கத்திக்கொண்டு ஓடினார்கள். "எனக்கு வேண்டாம் பிள்ளை, திரும்பிப் போவம்" என்றார். எந்தப் பக்கம் திரும்புவது என்றுதான் தெரியவில்லை.

நல்ல வேளையாக நான் ஒரு விதியைப் படித்து வைத்திருந்தேன். உள்ளே நுழையும்போது ஒரு கையை வேலியில் வையுங்கள். வலக்கையோ இடக்கையோ, எதுவாகவும் இருக்கலாம். வைத்த கையை எடுக்காமல் நடவுங்கள். முட்டுச்சந்து வந்தால் அந்த வேலியையே தடவிக்கொண்டு திரும்புங்கள். நடை கூடும், ஆனால் தொலைந்துபோக மாட்டீர்கள். ஹம்ப்டன் கோர்ட்டில் இந்த முறை நடுவிடத்துக்கே கொண்டுபோய் விடும். எந்தப் புதிர்த்தோட்டத்திலும், வாசலில் தொடங்கிக் கையை எடுக்காமல் நடந்தால், மிக மோசமாகப் போனாலும் தொடங்கிய வாசலுக்கே திரும்பி வருவீர்கள்.

நான் வாசலில் இருந்தே வலக்கையை எடுக்காமல்தான் வந்திருந்தேன். அக்காவின் வலக்கையையும் வேலியில் வைத்தேன். நாங்கள் நடந்தோம். இரண்டு முட்டுச்சந்துகளுக்குள் போய் வெளியே வந்தோம். கொஞ்ச நேரம் கழித்து அவர் பேசத் தொடங்கினார். 1995ஆம் ஆண்டு ஐப்பசி 30ஆந் திகதி இரவைப் பற்றி. வலிகாமம் முழுவதும் ஒரே வீதியில் இறங்கிய அந்த இரவு உங்களில் பலருக்குத் தெரியும். மழை, இருட்டு, நாவற்குழிப் பக்கம் ஓர் அடி வைக்க ஒரு மணித்தியாலம். "அம்மா ஒண்டுதான் சொன்னவ. என்ன நடந்தாலும் கையை விட்டிடாதை எண்டு. வழி ஒருத்தருக்கும் தெரியாது. எங்க போறமெண்டும் தெரியாது. கையைத்தான் பிடிச்சுக்கொண்டு வந்தனான்."

பெரியம்மா 2003இல் காலமானார். அக்காவுக்கு அப்போது வரக் கிடைக்கவில்லை. இதையெல்லாம் அவர் என்னிடம் முன்பு சொன்னதில்லை. வேலியைத் தடவிக்கொண்டே சொன்னார்.

நடுவிடத்துக்கு வந்தபோது எங்களுக்கு முப்பத்தைந்து நிமிடம் ஆகியிருந்தது. ஓடித் திரிந்த பிள்ளைகளில் சிலர் எங்களுக்குப் பிறகுதான் வந்தார்கள். அக்கா கொஞ்ச நேரம் சுற்றிப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "இஞ்ச வழி தெரியாட்டிலும், வழி ஒண்டு இருக்கெண்டு தெரியும். அதாலதான் இதுகள் சிரிக்குதுகள்."

இதைவிடச் சரியாக எனக்குச் சொல்லத் தெரியாது. அங்கே வழி தவறுவது விளையாட்டு. பொழுதுபட்டால் காவலாளி வருவார். வாசல் எங்கேயும் போகாது. நாங்கள் அனுபவித்ததில் அந்த இரண்டும் இருக்கவில்லை. மகாபாரதத்தில் அபிமன்யு சக்கரவியூகத்துக்குள் போகும் வழியைத் தாயின் வயிற்றிலேயே கேட்டு அறிந்தான். வெளியே வரும் வழியை அறியவில்லை. சுபத்திரையின் துயரத்தை இந்த இதழின் வாசகிகளுக்கு நான் விளக்கத் தேவையில்லை.

கிரேக்கருக்கும் இப்படி ஒரு கதை உண்டு. சிக்கலான வழிகளுக்குள் இருந்த ஓர் அரக்கனைக் கொல்லப் போன தீசியஸ் என்ற வீரனுக்கு, அரியாட்னி என்ற பெண் ஒரு நூற்பந்தைக் கொடுத்தாள். நூலை வாசலில் கட்டி அவிழ்த்துக்கொண்டு போனதால் அவன் உயிரோடு திரும்பினான். துப்பு என்பதற்கு ஆங்கிலத்தில் வழங்கும் 'குளூ' என்ற சொல்லே நூற்பந்து என்ற பழைய சொல்லில் இருந்து வந்ததுதான். நூல் கொடுத்தவளை அவன் பிறகு ஒரு தீவில் விட்டுவிட்டுப் போய்விட்டான். கதையில் அவனைத்தான் வீரன் என்கிறார்கள்.

கை விதி பலிக்காத இடத்தில்

கையை வைத்தால் வழி கிடைத்துவிடும் என்று தெரிந்த பிறகு, அதையும் ஏமாற்ற ஆட்கள் முயன்றார்கள். கென்ற் பகுதியில் செவெனிங் என்ற இடத்தில், 1820களில், ஸ்டான்ஹோப் பிரபுவின் குடும்பத்தார் ஒரு புதிர்த்தோட்டம் அமைத்தார்கள். அதில் நடுவிடத்தைச் சூழ்ந்த வேலி, வெளி வேலியோடு தொடராமல் தீவுபோலத் தனித்து நிற்கும். கையை எடுக்காமல் நடந்தால் எவ்வளவு நடந்தாலும் நடுவிடம் வராது. தொடங்கிய வாசல்தான் வரும்.

அப்படியான இடத்துக்கும் ஒரு முறை உண்டு. திரெமோ என்ற பிரெஞ்சுக்காரர் கண்டுபிடித்தது. 1882இல் புத்தகத்தில் வெளிவந்தது. நடந்த வழிக்கு ஒரு கோடு போடுங்கள். அதே வழியால் திரும்பி வந்தால் இரண்டாவது கோடு போடுங்கள். புதிய சந்திக்கு வந்தால் கோடில்லாத எந்த வழியிலும் போகலாம். முட்டுச்சந்து வந்தாலோ, ஏற்கெனவே வந்துபோன சந்திக்குப் புதிய வழியால் வந்து சேர்ந்தாலோ, வந்த வழியே திரும்புங்கள். திரும்பி வந்த சந்தியில் கோடில்லாத வழி இருந்தால் அதை எடுங்கள். இல்லாவிட்டால் ஒரு கோடுள்ள வழியை எடுங்கள். இரண்டு கோடு விழுந்த வழியில் மூன்றாந் தரம் கால் வைக்க வேண்டாம். இப்படிச் செய்தால், வழி இருக்குமானால் அது கிடைத்தே தீரும்.

இதைப் படித்தபோது எனக்குத் தோட்டம் நினைவுக்கு வரவில்லை. கந்தோர்கள்தான் நினைவுக்கு வந்தன. மரணச் சான்றிதழுக்கும், காணி உறுதிக்கும், காணாமற்போன பிள்ளையைப் பற்றிய ஒரு பதிலுக்கும் எங்கள் பெண்கள் ஏறி இறங்காத கந்தோர் இல்லை. ஒரே மேசைக்கு ஐந்தாந் தரம் போய், "இஞ்ச இல்லை, அங்க கேளுங்கோ" என்ற அதே பதிலோடு திரும்பியவர்களை எனக்குத் தெரியும். ஆகவே ஒரு கொப்பி வாங்கி வையுங்கள். எந்தக் கந்தோர், எந்தத் திகதி, யாரைச் சந்தித்தோம், என்ன சொன்னார்கள், எந்தக் கடிதத்தைக் கொடுத்தோம் என்று அன்றன்றைக்கே எழுதுங்கள். எழுதத் தெரியாவிட்டால் பிள்ளையைக் கொண்டு எழுதுவியுங்கள். கொடுத்த கடிதத்தின் பிரதியை அதற்குள் ஒட்டுங்கள். அதுதான் உங்கள் கோடு. கொப்பி இருந்தால் கந்தோர் திறக்கும் என்று நான் சொல்லவில்லை. போன வழியையே புதிய வழி என்று யாரும் உங்களை நம்ப வைக்க முடியாது.

கேட்காமலே வந்த பெண் பிள்ளைகள்

அடுத்த ஞாயிறு அக்காவே கேட்டார்: "வேற இடம் இருக்கெண்டனி, போவமே?" பஸ்ஸில் கிறிஸ்டல் பலஸ் பூங்காவுக்குப் போனோம். பெயருக்குக் காரணமான கண்ணாடி மாளிகை 1936இல் எரிந்துபோய்விட்டது. பூங்கா இருக்கிறது, நுழைவுக் கட்டணம் இல்லை. 1870களில் அமைந்த வட்டமான புதிர்த்தோட்டம் அங்கே இருக்கிறது. குறுக்களவு 160 அடி. ஹோர்ன்பீம் வேலி.

இந்த இடத்துக்கு ஒரு பெண்கள் கதை உண்டு. 1909ஆம் ஆண்டு இங்கே ஆண் சாரணர்களின் பெரிய ஒன்றுகூடல் நடந்தது. அழைப்பு இல்லாமலே ஒரு தொகுதிப் பெண் பிள்ளைகள் வந்து நின்றார்கள். எங்களையும் சேருங்கள் என்றார்கள். அடுத்த வருடம், 1910இல், பெண் சாரணியர் இயக்கம் தொடங்கியது. எங்கள் பாடசாலைகளில் நீல உடுப்போடும் கழுத்துப்பட்டியோடும் நாங்கள் நின்ற அணிவகுப்புகளின் வேர் அங்கேதான் இருக்கிறது. நூற்றாண்டை முன்னிட்டு, பாழடைந்து கிடந்த இந்தப் புதிர்த்தோட்டத்தை 2009இல் திருத்தியமைத்தார்கள். உள்ளே அந்த இயக்கத்தின் அடையாளங்களைப் பதித்திருக்கிறார்கள்.

அந்த 2009ஐப் பார்த்ததும் நான் சற்று நின்றேன். அதே வருடம் நாங்கள் எங்கே நின்றோம் என்பதை எழுத வேண்டியதில்லை. அக்கா நிற்கவில்லை. வேலியில் கையை வைத்து, "நீ பின்னால வா" என்று சொல்லிவிட்டு முன்னே போனார். இரண்டு வளைவுக்குப் பிறகு எனக்கு அவர் தெரியவில்லை. நான் கூப்பிட்டேன். "இஞ்சதான் நிக்கிறன், பயப்பிடாதை" என்று வேலிக்கு அந்தப் பக்கம் இருந்து குரல் வந்தது. இருபத்தைந்து வருடம் பழகிய தெருவை விட்டு விலகாதவரின் குரல் அது.

பிள்ளைகளோடு செய்து பாருங்கள்

வழி பிரியாத புதிர்ப்பாதையும் உண்டு. ஒரே வழி, வளைந்து வளைந்து நடுவிடத்துக்குப் போகும். பிழையான திருப்பம் என்று ஒன்றே இல்லை. இலண்டன் சுரங்க ரெயிலின் 150ஆவது ஆண்டை முன்னிட்டு, மார்க் வாலிஞ்சர் என்ற ஓவியர் 2013இல் அப்படியான படங்களை வரைந்தார். அன்றிருந்த 270 நிலையங்களுக்கும் ஒவ்வொன்று. ஒன்றைப்போல் மற்றது இல்லை. அக்கா தினமும் கடந்துபோகும் டூட்டிங் நிலையத்திலும் ஒன்று இருக்கிறது. அவர் அதைப் பார்த்ததே நான் போன பிறகுதான்.

இதை முற்றத்து மணலில் நீங்களும் கீறலாம். முதலில் ஒரு கூட்டல் குறி. அதன் நான்கு கட்டங்களிலும், மூலை நடுவைப் பார்த்திருக்க, ஒவ்வொரு சிறிய மூலைக்கோடு. ஒவ்வொரு மூலைக்கோட்டுக்கும் வெளியே ஒவ்வொரு புள்ளி. இனிக் கூட்டல் குறியின் மேல் நுனியை, அதற்கு வலப்பக்கத்தில் அடுத்துள்ள நுனியோடு வளைத்து இணையுங்கள். பிறகு இடப்பக்கத்தில் அடுத்த நுனியை எடுத்து, முதல் வளைவுக்கு மேலாகக் கொண்டுபோய், வலப்பக்கத்தில் அடுத்திருக்கும் புள்ளியோடு இணையுங்கள். இப்படியே இடம் ஒன்று, வலம் ஒன்றாகக் கீழே வரை இணைத்தால் எட்டு வளைவுகள் வரும். நடுவே ஏழு சுற்று வழி கிடைக்கும். கோலம் போட்டுப் பழகிய கைக்கு இரண்டாந் தரம் பிசகாது.

பிள்ளைகள் நடக்கக் கூடிய அகலத்தில் பெரிதாகக் கீறுங்கள். ஒருவர் பின் ஒருவராக நடக்க விடுங்கள். முடிந்தால் நீங்களும் ஒரு தரம் நடந்து பாருங்கள். மழை வந்தால் அழிந்துபோகும். அடுத்த நாள் வேறொரு பிள்ளை கீறட்டும்.